ஒட்டுறவு

"ஒட்டுறவே இல்லம்மா. சுத்தமா பூஜ்யம்!"

அம்மாவின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பிய லிஃப்ட் மெக்கானிக், ஒரு கால் ஷூவோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பூஜ்யமா இருந்தாக்கூடத் தேவலையே அத்தை. இது அதுக்கும் கீழ," என்றாள் அவன் மனைவி.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமியாரும் மருமகளும் முகம் சுளித்துக்கூடப் பேசியதில்லை. இரண்டு வாரமாகத்தான் அந்த அறைக்கதவு அடிக்கடி சாத்திக்கொள்கிறது. இவன் தட்டினால் உள்ளே கப்சிப்.

"அப்போ விலக்கம்தானா?"

"முதல்ல அதைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீங்கதான் அவசரப்பட்டீங்க."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?"

"கண்ணைத் துடைங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க போய் நின்னாகணும். இப்ப அழுதா ஆச்சா?"

பத்து மணிக்கு எங்கே? கோர்ட்டுக்கா? லிஃப்டில் சிக்கியவர்களை மீட்பது அவன் தொழில். இந்த இருவருக்கும் நடுவில் சிக்கினால் அவனை யார் மீட்பது? பூனைபோல வெளியே நழுவி, வீட்டுத் தரகருக்குப் போன் போட்டான்.

"அடுத்த தெருவுலயே ஒரு வீடு காலியா இருக்கு சார். நாளைக்கே சாவி வாங்கிக்கலாம்."

அந்தத் தைரியத்தில் அறைக்கதவைத் தள்ளித் திறந்தான்.

"போதும், நிறுத்துங்க! நானும் இவளும் நாளைக்கே தனியாப் போயிடறோம். வீடு பாத்தாச்சு."

இருவரும் திகைத்துப்போய் அவனைப் பார்த்தார்கள். கட்டில் முழுக்கக் கட்டம் போட்ட தாள்கள், ஒரு கால்குலேட்டர், ஒரு தடிமனான புள்ளியியல் புத்தகம். விரிந்திருந்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஒட்டுறவு' என்று தலைப்பு. அதன் கீழே, 'இரண்டு எண்வரிசைகளுக்கு இடையே உள்ள தொடர்பை அளக்கும் முறை.' எதிர்ப்பக்கத்தில், 'விலக்கம்: ஓர் எண் சராசரியிலிருந்து விலகியிருக்கும் அளவு.'

அவன் முகத்தில் அசடு வழிந்தது. "பரீட்சைக்கா? நீ படிக்கிறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றான் மனைவியிடம்.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மா கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி அவனை நோக்கி நீட்டினாள்.

"போறதுன்னா நீ மட்டும் போடா. என் டீச்சரை நான் அனுப்ப மாட்டேன்!"