மூன்றாவது ஓலை

அன்றைக்கு ஆராதனையில் பாதிரி ஐயர் மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை.

மற்ற அறிவிப்பெல்லாம் வாசித்தார். பெண்கள் சங்கக் கூட்டம், வாலிபர் ஜெபம், போன வாரம் யாரோ விட்டுப்போன குடை வரைக்கும் வாசித்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார்.

பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வேதமணிக்கு முகம் செத்துப் போனது.

1987. ராஜபாளையத்தில் அப்போதெல்லாம் வேதக்கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. சபையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தாலி ஏறாது. வேதமணியின் மகள் பரிபூரணத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானதுரைக்கும் வருகிற புதன்கிழமை கல்யாணம். பந்தலே போட்டாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வேதமணி நேராக ஐயர் முன்னால் போய் நின்றாள். பின்னால் அவள் கணவர் எலியேசர்.

"ஐயா, மறந்துட்டியளா?"

"மறக்கலம்மா," என்றார் தேவஇரக்கம் ஐயர்.

"பொறவு?"

"அடுத்த ஞாயிறு வாசிக்கேன். கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளி வச்சுக்கிடுங்க."

"ஏன்னு சொல்லுங்க."

"சொல்றதுக்கில்லம்மா. என்னை நம்பிப் பொறுத்துக்கிடுங்க."

நம்புவதாவது. மேய்ப்பரை நம்ப வேண்டும், அவர் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் மாதம் தவறாமல் பேசுகிறவள் வேதமணிதான். அது அடுத்த வீட்டுக்காரிகளுக்கு.

"என்னங்க, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? கேளுங்க."

எலியேசர் மில்லில் ஐம்பது பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி. கோயில் வாசலில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "ஐயர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்கள். சம்பந்தி ஏசம்மாள் காபி கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், எல்லாம் கேட்டாள். கடைசியில் மெதுவாக, "பொண்ணு மேல யாரும் ஆட்சேபம் சொல்லிட்டாகளோ?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியை வேதமணி சாகும்வரை மன்னிப்பதாக இல்லை. கேட்ட சம்பந்தியை அல்ல, கேட்க வைத்த ஐயரை.

அந்த வாரம் முழுக்க, பந்தல் போட்ட வீட்டில் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பரிபூரணம் வந்து, "சும்மாதானே இருக்கேன், டீச்சர் டிரெய்னிங் பரீட்சையாவது எழுதிட்டு வாரேம்மா," என்றபோதுகூட ஐயரைத் திட்டுகிற மும்முரத்தில், "போய்த் தொலை," என்று விட்டுவிட்டாள்.

சொன்னபடி ஐயர் அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார். புதன்கிழமை கல்யாணமும் ஒரு குறையில்லாமல் நடந்தது. எத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்தாலும், வேதமணியின் கண்ணுக்கு ஆட்சேபம் தேடி வந்தவர்களாகவே தெரிந்தார்கள்.

மறுவாரமே பேராயருக்கு மனு எழுதினாள். ஒரே வரி. 'எங்கள் ஐயர் காரணம் சொல்லாமல் மூன்றாம் ஓலையை நிறுத்திவிட்டார்.'

"மொதக் கையெழுத்து நீங்க போடுங்க," என்று எலியேசரிடம் நீட்டினாள். மனுஷன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் இழுத்தடித்தார். மூன்றாம் நாள் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இருபது பேர் போட்டார்கள்.

தேவஇரக்கம் ஐயரை வத்திராயிருப்புக்கு அங்கிட்டு ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஐயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஒரு கடுதாசி வந்தது. ஐயர் ஓய்வு பெறுகிறார், சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வழியனுப்பு விழா. அனுப்பியிருந்தது பரிபூரணம். அவள் அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். மாப்பிள்ளையின் மில் மூடிக் கிடந்த ரெண்டு வருஷமும் அந்த வேலைதான் குடும்பத்தைத் தாங்கியது. 'எம் மக டீச்சர்' என்று வேதமணி சொல்லாத ஆள் ஊரில் பாக்கி இல்லை.

"நான் வரல. நீங்களும் போகக் கூடாது," என்றாள்.

"நான் போறேன்," என்றார் எலியேசர்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை.

"நம்ம பிள்ளையச் சந்தி சிரிக்க வச்ச மனுசனுக்கா?"

"நம்ம பிள்ளைய டீச்சராக்கின மனுசனுக்கு."

"என்ன சொல்லுதீங்க?"

"மொதல்ல கல்யாணம் குறிச்ச அந்த வாரந்தான் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. அடுத்த வருசம் எழுதட்டும்னு நீ ஒரே பேச்சா முடிச்சிட்ட. அவ அழுததைப் பார்க்கவும் முடியல, உங்கிட்டப் பேசவும் எனக்குத் தைரியமில்ல. ஐயர்கிட்டப் போயி, ஓலைய ஒரு வாரம் நிறுத்துங்க, எம் பேரைச் சொல்லிராதீங்கன்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவிய சொல்லல."

வேதமணி கடுதாசியைக் கீழே போட்டாள். பேச்சு பழைய காரத்தோடுதான் வந்தது.

"அம்புட்டும் செஞ்சுட்டு, மனுவுல மொதக் கையெழுத்தும் போட்டியளே. நீங்க ஒரு மனுசனா?"

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போட மனசில்லாம அவியகிட்டத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். வாசிச்சுப் பார்த்தாக. 'ஓலை வாசிக்கலைங்கிறது நெசந்தானே எலியேசர். போடும், வீட்டுல சமாதானமா இரும்'னு தன் பேனாவையே எடுத்துக் குடுத்தாக."