முதல் கேள்வி

மேடையில் கணவர் ‘உறவு’ என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேராசிரியர் இன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். திரையில் ஒரு பக்கம் அ, இ, உ, எ, ஒ. மறுபக்கம் ஜப்பானிய எழுத்துகள். அதே ஒலிகள், அதே வரிசை. இரண்டு மொழியும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று அடித்துச் சொன்னார். மற்ற அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர்களுக்கெல்லாம் கண் பிடரியில் இருக்கிறதாம்.

யாருக்குப் பிடரியில்? அவள் பல்லைக் கடித்தாள்.

பெற்ற மகளைத் தலைமுழுகிய மனுஷன் இவர். தனக்குப் பிடிக்காத ஒருவனை மகள் கட்டிக்கொண்டதுதான் குற்றம். மகள் பேச்சை எடுத்தாலே வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். நமக்கும் அவனுக்கும் ஒட்டா உறவா என்று கத்துவார். பேத்தி பிறந்த சேதிக்கும் அதே கத்தல்தான்.

பெற்றவளான அவளும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்தால் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

உரை முடிந்தது.

கேட்க ஆளில்லாமல் கூட்டம் கலைந்துவிட்டால் அவருக்கு மானம் போய்விடும். அதனால் முதல் கேள்வியை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துதான் எப்போதும் கூட்டி வருவார். முன்பின் தெரியாதவள் மாதிரி ‘ஐயா’ போட்டுக் கேட்க வேண்டும்.

மைக் வந்தது. எழுந்தாள்.

“ஐயா, நடுவுல இவ்வளவு கடல் கிடக்கே, எப்படி சொந்தம்னு சொல்றீங்க?”

அவர் இதற்காகவே காத்திருந்தவர். கையை அகல விரித்தார். “கடலாவது மலையாவது! தூரமா இருந்தா சொந்தம் விட்டுப்போயிடுமாம்மா?”

கைதட்டல் காதைப் பிளந்தது.

அவள் உட்காரவில்லை. மைக்கைத் திருப்பிக் கேட்ட பையனுக்கும் கொடுக்கவில்லை.

“அப்ப சரிங்க. உங்க பொண்ணு குடும்பத்தோட வெளியில நிக்கிறா. நான்தான் வரச் சொன்னேன்.”

அவர் முகம் சுண்டிப்போனது. மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போனார். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கட்டும் என்று மைக்கிலேயே கூப்பிட்டாள்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை!”

அரங்கமே திரும்பிப் பார்த்தது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் உள்ளே வந்து, மேடையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினான் ஒரு ஜப்பானியன்.