திரையில் இல்லாத கேள்வி

கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்குவதற்காக, விஸ்வநத்தத்தில் ஊர்க்காரர்களின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தாள் ஜெனிட்டா. திரையில் வரும் வரியை மைக்கில் வாசித்தால் போதும்.

"நாளைக்கு மழை வருமா? சாப்பிட்டியாலே?" என்று வாசித்தார் பட்டாசு கம்பெனி முனியராஜ்.

"அண்ணாச்சி, ரெண்டாவது கேள்வி திரையில இல்லையே. அடுத்ததை வாசிங்க."

"பஸ் எப்ப வரும்? சாப்பிட்டியாலே?"

"வம்புக்குன்னே செய்யுறீகளா? இல்லாததைச் சொன்னா கம்ப்யூட்டரே தள்ளிரும்."

முனியராஜ் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எம் மகன் கதிரவன் பெங்களூருல, குரல் பதியுற உங்க கம்பெனியிலதான் இருக்கான், தாயி. அவன் அம்மாவைப் பட்டாசு வேலைக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். வெடி விபத்துல அவ போனதுல இருந்து என் போனை எடுக்க மாட்டான். வேலைன்னா அவன் இதைக் கேட்டுத்தானே ஆகணும்?"

இந்தப் பதிவுகளை மனிதர் யாரும் கேட்பதில்லை என்பது ஜெனிட்டாவுக்குத் தெரியும். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாசிக்க வேண்டாம் அண்ணாச்சி. நீங்களாவே பேசுங்க."

"சாப்பிட்டியாலே?" என்று மைக்கில் கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விடுவதுபோல் அவர் சும்மா இருந்தார். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.