மூன்றாவது ஓலை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். என் மகள் ஜெயசெல்விக்கும் கொழும்பில் கடை வேலை பார்க்கும் தேவபிரசாதத்துக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கலியாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. "இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று குருவானவர் இரண்டு தடவையும் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஓலைக்கு இன்னும் ஒரே ஒரு ஞாயிறு.

அந்த வாரம் பார்த்துத்தான் சபைக் கமிட்டி ஜேசுபாதம் அண்ணாச்சி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்ன அண்ணாச்சி இது?"

"உன் பக்கத்து வீட்டு டீச்சர் சங்கதிதான். ஞானதீபம். ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை, சாமியே இல்லைங்குதவனோட குடும்பம் நடத்துதா. ஓலை உண்டா? மோதிரம் உண்டா? தாலி உண்டா? இந்த லட்சணத்துல நம்ம மிஷன் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் குடுக்கா!"

"நாலு பேரு முன்னால மாலை மாத்திக்கிட்டாங்களாமே..."

"ஆட்டுக்குக்கூடத்தான் மாலை போடுதான். அது கலியாணமா? சர்க்கார் சட்டமே ஒத்துக்கிடாது."

'கலியாணமின்றி ஒரே வீட்டில் வசிப்பதை என் கண்ணால் கண்டேன்' என்று காகிதத்தில் எழுதியிருந்தது. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"அவ வேலை போயிருமே அண்ணாச்சி?"

"போகத்தானே எழுதியிருக்கு! புதன்கிழமை கமிட்டி. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை உன் மகளுக்கு மூணாவது ஓலை. அசிங்கத்துக்குத் துணை போற வீட்டுல என்ன கலியாணம்னு யாராவது எந்திரிச்சுக் கேட்டா, என்னைக் குத்தம் சொல்லாதே."

காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் புருஷனைப் பறிகொடுத்தவள். எனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் ஞானதீபம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கையில் கீறி உப்பும் வத்தல்பொடியும் தூவிய மாங்காய்.

"ஜெயசெல்விக்குக் குடுங்க அக்கா. மத்தியானமும் ஒண்ணும் சாப்பிடலையாமே."

"அதை விடு. ஏளா, நீ ஒரு தாலியைக் கட்டிக்கிட்டாத்தான் என்ன?"

உள்ளே இருந்து அவளோடு மாலை மாற்றிக்கொண்ட நல்லக்கண்ணு சிரித்தார். கொழும்புத் தோணியில் சரக்கோடு போய்வருகிறவர்.

"அப்ப ஆசாரிகிட்ட ரெண்டாச் செய்யச் சொல்லுங்க அக்கா. எனக்கும் ஒண்ணு வேணும்."

"விளையாடாதீங்க தம்பி. இவளாவது குருவானவரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன் அக்கா" என்றாள் ஞானதீபம். "இவர் ஞானஸ்நானம் எடுத்தா ஓலை வாசிப்பாங்களாம். மனசுல இல்லாம 'விசுவாசிக்கிறேன்'னு சொல்லணும். கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டேங்குதார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது."

மாங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். காகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை என்னையும் சாட்சிக்கு உட்கார வைத்தார்கள். ஜேசுபாதம் அண்ணாச்சி காகிதத்தை வாசித்தார். என் பெயர் வந்ததும் ஞானதீபம் சட்டென்று திரும்பினாள்.

"நீ சொல்ல ஏதும் உண்டா அம்மா?" என்று குருவானவர் கேட்டார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை குனிந்தாள்.

"ஒண்ணும் இல்லை ஐயா."

வேலை போயிற்று.

"பாத்தியா தங்கச்சி, வாயே திறக்க முடியலை. மனசாட்சி குத்துதுல்லா!" என்று அண்ணாச்சி என் பக்கம் குனிந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வேம்பாருக்கு, நல்லக்கண்ணுவின் அக்கா வீட்டுக்கே போய்விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். கரி போட்டு ஓட்டும் பஸ் அப்போதுதான் புகைய ஆரம்பித்திருந்தது.

"வழியனுப்பவா வந்தீங்க அக்கா?"

ஞானதீபத்துக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்.

"பயப்படாதீங்க. ஜெயசெல்விக்குப் பிள்ளை ஏழாம் மாசத்துலேயே பிறந்துட்டுதுன்னு சொல்லிக்கிடலாம். எங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வராது."

நல்லக்கண்ணு மூட்டையை ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை மறுபடியும் கொழும்புக்கு ஓடிட்டான்னா ஒரு கார்டு போடுங்க அக்கா. போன மாசம் மாதிரியே தோணியில தூக்கிப் போட்டுக் கொண்டாந்திருதேன்."

பஸ் கிளம்பியது. நான் கோயிலுக்குப் போனேன். குருவானவர் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. "கர்த்தர் கொண்டாந்த மாப்பிள்ளை" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்னால் சொல்ல வேண்டியதை இப்போதுதான் சொல்லுகிறேன். ஜெயசெல்வியின் சங்கதி ஊரிலே தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அண்ணாச்சி மிரட்டாவிட்டாலும் நான் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேன். பஸ்ஸுக்கு ஓடினதுகூட வழியனுப்ப அல்ல.

இரண்டு பேரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்கத்தான் போனேன்.