அக்காதான் பொருத்தம்

"மார்க்கு வந்துடுச்சி கலா! உங்க அக்காதான் ஃபர்ஸ்ட்டு!"

வாசலில் பைக்கைக்கூடச் சரியாக நிறுத்தாமல் உள்ளே ஓடி வந்தார் சுந்தரமூர்த்தி. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கலைவாணிக்கோ வயிறு பற்றி எரிந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த அக்கா ஆண்டாள், அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!

"இருங்க, காபி போடறேன்" என்று ஆண்டாள் நேராக அடுப்படிக்குப் போனாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். கலைவாணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து அந்த வீடே நொந்து போயிருந்தது. இனி வேறு கிட்னி வைத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கொடுப்பவரின் வயசு, எடை, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், யாருடைய கிட்னி எத்தனை வருஷம் தாங்கும் என்று கணித்து அது மார்க் போடுமாம். அந்த மார்க்குக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"நம்ம ஊட்ல இருந்து குடுத்தா?" என்றாள் கலைவாணி.

"அது பாஸ் மார்க்குகூட இல்ல. அஞ்சாறு வருசம் ஓடுனாலே பெருசாம். அக்காவோடதுன்னா இருவது வருசம் அசையாதாம்! ஏன் அசையும்? இந்த வயசுலயும் ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு மூச்சு வாங்காம ஏறுறவங்களாச்சே!"

"அவ பேரை எடுத்தாலே உங்களுக்கு வாயெல்லாம் பல்லு."

அந்தக் காலத்தில் சுந்தரமூர்த்தி பெண் பார்க்க வந்ததே ஆண்டாளைத்தான். ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். வந்த இடத்தில் தங்கையைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கலைவாணிக்கு ஐந்து பொருத்தம் தேறியதே பெரும்பாடு. அதற்கப்புறம் ஆண்டாள் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவலூர்பேட்டையில் அங்கன்வாடி டீச்சராகத் தனியாகவே இருந்துவிட்டாள். யாரை நினைத்து இப்படி இருக்கிறாள் என்ற கேள்வி கலைவாணியைத் தூங்கவிட்டதில்லை.

"அவளோடது வேணாம்" என்றாள்.

"இன்னா பேசற நீ? உசுரு போற விசயம்!"

"போனா போவுது!"

அடுப்படியிலிருந்து வந்த ஆண்டாள், "புடிங்க மாப்ள" என்று அவருக்கு மட்டும் காபியை நீட்டினாள். பிறகு தங்கையிடம் திரும்பினாள்.

"எல்லாம் காதுல உழுந்துச்சி. ஏன் வேணாம்? என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

அவ்வளவுதான், அத்தனை வருஷம் அடக்கி வைத்தது கொட்டிவிட்டது.

"சொல்றேன். ஜாதகத்துலயும் நீதான் பொருத்தம், கம்ப்யூட்டர்லயும் நீதான் பொருத்தம்! உன் கிட்னி வந்துட்டா, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல காலம்பூரா நீதான் இருப்ப. கண்ணாலம் பண்ணிக்காம இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தது இதுக்குத்தான? என் புருசன் மேல உனக்கு இன்னும் ஆசை. இல்லன்னு சொல்லு பாக்கலாம்!"

சுந்தரமூர்த்தி காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஆண்டாளுக்குக் கோபம் வரவில்லை. தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த அவள் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"அடி பைத்தியமே! உன் புருசன் எனக்கு வேணும்னா, உனக்குக் கிட்னி குடுக்காம நான் சும்மா இருந்தாலே போதுமேடி!"