சட்டைப்பையில் பூட்டு

பெயிண்ட் கலக்கும் டிரம்முக்குள் முட்டி போட்டு, பெயிண்டைச் சுழன்று கலக்கும் இரும்பு இறக்கையில் காய்ந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான் ஃபிட்டர். தலைக்கு மேலே, டிரம்மின் வாயில் ஒரு தட்டு அளவு வெளிச்சம். குனியும்போது நெஞ்சில் ஏதோ இடிக்கிறது. தொட்டுப் பார்க்கிறான். பூட்டு. உள்ளே இறங்குகிறவன் மெஷின் சுவிட்சைத் தன் கையால் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்தப் பூட்டு இன்னும் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வெளியே பூட்ஸ் சத்தம் சுவிட்சை நோக்கிப் போகிறது. காலை இழுத்து நடக்கும் அந்த நடை மெஷினை ஓட்டும் ஆபரேட்டருடையது. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சே இல்லை. இறங்கப்போவதைக்கூட வீம்புக்குச் சொல்லாமல் இறங்கியிருக்கிறான். கத்த வாயைத் திறக்கிறான்; வெறும் காற்றுதான் வருகிறது. பூட்ஸ் நிற்கிறது. இறக்கையின் விளிம்பு அவன் விலாவுக்கு ஒரு சாண் தள்ளி மினுங்குகிறது. கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். க்ளிக். இறக்கை அசையவில்லை. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஆபரேட்டரின் தலை எட்டிப் பார்க்கிறது. "ஏணி நிக்குது, சுவிட்சுல பூட்டக் காணோம். என் பூட்டப் போட்டுட்டேன். நீ ஏறி வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன். பேசவெல்லாம் வேணாம், வேலையப் பாரு." ஃபிட்டர் தலையாட்டுகிறான். சட்டைப்பையிலிருக்கும் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் இறக்கையைச் சுரண்டத் தொடங்குகிறான்.