எதிர்க்கடையில் ஒரு ரூபாய் குறைவு

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் மண்டையைக் குடைந்து எந்தத் தள்ளுபடியைத் திட்டமிட்டாலும், அது அறிவிப்பாகும் காலையிலேயே எதிர்க்கடையில் ஒரு ரூபாய் குறைத்து போர்டு தொங்கியது. அந்தக் கடைக்காரர் அவருடைய மச்சான்தான். ஆனால் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சே கிடையாது.

"விலைப் பட்டியல் தெரிஞ்சவங்க நாம ரெண்டே பேரு. நான் சொல்லலை. அப்போ யாருய்யா?" என்று முதலாளி எகிறினார்.

"சத்தியமா நான் வாயே திறக்கலை சார். என் வீட்டுக்காரிகிட்டகூட மூச்சு விட்டதில்லை."

"காட்டிக் கொடுக்கிறவன் பேரை நாளைக்குக் காலையில எழுதிக் கொடு. இல்லைன்னா ராஜினாமா எழுதிக் கொடு."

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவர் வந்தது தெரியாமல் சமையலறையில் மனைவி போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து தூக்கத்துல எண்ணெய் விலையை மட்டும்தான் உளறினாருண்ணே. சோப்புக்கு வர்றதுக்குள்ள முழிச்சுக்கிட்டாரு. இன்னைக்கு சீக்கிரமே படுக்க வைக்கிறேன்."

அவர் சட்டைப்பையில் இருந்த வெள்ளைத்தாளைத் தொட்டுப் பார்த்தார். யார் பேரை எழுதுவது?

மனைவி சூடான பாலோடு வெளியே வந்தாள். "ஐயோ, முகமெல்லாம் வாடிக் கிடக்கே! குடிச்சிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடுங்க."

பல்லைக் கடித்துப் பார்த்தார். அப்படியும் கொட்டாவி வந்துவிட்டது.